அவள் ரத்தம் பட்டால் மெஷின் கெடும்

"என் ரத்தம் பட்டாலே அந்த மெஷின் கெட்டுப் போயிடுது. மூணு தடவை ஆச்சு."

நேற்று எங்கள் துப்பறியும் ஆபீஸுக்கு வந்த அந்தப் பெண் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். இரண்டு காலிலும் இடது கால் செருப்பு, அதுவும் வேறு வேறு ஜோடியுடையது. நாற்பதைத் தாண்டிய முகத்தில் பதினாறு வயதுப் பருக்கள். நாக்கு தடித்துப்போய், ஒவ்வொரு வார்த்தையும் வாயை விட்டு இறங்க யோசித்தது. நான் சிரித்துவிட்டேன். தப்புதான். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் சிரித்திருப்பீர்கள்.

கத்தரி சிரிக்கவில்லை. கத்தரி என்பது என் முதலாளியம்மாவின் பட்டப்பெயர். யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுவார் என்பதால் வந்தது. முகத்துக்கு நேரே மேடம். எனக்கு அவர் வைத்த பெயர் ஈர்க்குச்சி. காரணம் கேட்காதீர்கள், பக்கவாட்டில் திரும்பினால் கண்ணாடியில் நானே எனக்குத் தெரியமாட்டேன்.

"எந்த மெஷின்?" என்றார் கத்தரி.

"லேபுல... என் தங்கச்சி லேபுல. ரத்தத்தைச் சுத்திச் சுத்திப் பாக்குமே..." அவள் கையைச் சுழற்றிக் காட்டினாள். சுழற்றிய கையை நிறுத்த மறந்துபோய்ச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "எனக்குப் பைத்தியம் இல்லீங்க. யாரோ புடிக்க வைக்கிறாங்க."

அதற்குள் புருஷன் வந்துவிட்டான். மாடிப்படி ஏறி வந்த மூச்சு வாங்கலோடு அவள் முழங்கையைப் பிடித்து, மேசையை நகர்த்துவதுபோல் நகர்த்தினான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். மூளை கலங்கிப் போச்சு. நாளைக்கு மத்தியானம் வண்டி வருது. மனநல விடுதியில விட்டுடப் போறோம். அங்க போனவங்க திரும்பி வர்றது கஷ்டம்தான், என்ன பண்றது?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் சொன்னான். அவள் போகும்போது எங்கள் குப்பைக் கூடைக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் கத்தரி என் பக்கம் திரும்பினார். "டேய் ஈர்க்குச்சி, பைத்தியம் புடிச்சவங்க என்னென்ன சொல்லிக் கேட்டிருக்கே?"

"கடவுள் பேசறார்னு சொல்வாங்க. பக்கத்து வீட்டுக்காரன் சுவத்துல காது வச்சுக் கேக்கறான்னு சொல்வாங்க. என் பொண்டாட்டி அப்பப்ப நான் சம்பாதிக்கிறேன்னு சொல்வா."

"ரத்தம் பாக்குற மெஷின் ரிப்பேர் ஆகுதுன்னு?"

"கேட்டதில்ல மேடம்."

"அப்ப அது பைத்தியம் சொன்னதில்ல. அவ சொன்னது. போய்ப் பாப்போம்."

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டில் இருந்தோம்.

அடுக்குமாடியில் இரண்டாவது தளம். வரவேற்பறை சோபாவில் ஒரு கருவிப் பை உட்கார்ந்திருந்தது. புருஷன் தொழிலே ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான். ஊரில் பாதி லேபுகளின் மெஷின்கள் அவன் கை பட்டுத்தான் ஓடுகின்றன. அந்தக் கை எவ்வளவு நேர்த்தியான கை என்பது உள்ளறைக்குப் போனதும் தெரிந்தது. மனைவியின் இரண்டு மணிக்கட்டையும் ஒரு துண்டால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தான். முடிச்சில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

"கேஸைத் திறந்து விட்டுடறா. வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிடறா. நானும் மனுஷன்தானே மேடம்? இந்தச் சனியன் இன்னையோட தொலைஞ்சா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்."

சனியன் கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவன் கருவிப் பையில் இருந்த ஸ்பேனர் நினைவுக்கு வந்தது. கத்தரி என் காலை மிதித்தார்.

"மெஷின் கெட்டது நிஜமா?"

மெக்கானிக் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால் சிலருக்கு அப்படி வரும். "அவ சொல்றதுல அது ஒண்ணுதான் மேடம் நிஜம். மூணு தடவை இவ ரத்தத்தை ஓட்டினப்போ மூணு தடவையும் குளோரைடு எலக்ட்ரோடு போச்சு. தற்செயல்."

"எனக்குப் புரியற மாதிரி."

"ரத்தத்துல உப்பு இருக்கில்ல? அதுல சோடியம் ஒரு பாதி, குளோரைடு ஒரு பாதி. ஒவ்வொண்ணையும் பாக்க ஒரு எலக்ட்ரோடு. விரல் நுனி அளவுதான் இருக்கும், நடுவுல ஓட்டை, அது வழியாத்தான் ரத்தம் போகும். நல்ல ஆளுக்குக் குளோரைடு நூறைத் தாண்டிக் கொஞ்சம் இருக்கும். இவளுக்கு நூத்தி எழுபது காட்டிச்சு. நூத்தி எழுபது இருந்தா ஆள் உயிரோட இருக்க முடியாது. இவ எதிர்ல உக்காந்து தண்ணி கேட்டுட்டு இருக்கா. அப்ப தப்பு மெஷின் மேலதானே?"

"அதனால?"

"எலக்ட்ரோடை மாத்தினேன். ரிப்போர்ட்ல குளோரைடை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் டாக்டருக்கு அனுப்பினோம். சர்க்கரை, யூரியா, கல்லீரல் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்ப கோளாறு மண்டையிலன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"மாத்தின பிறகு அவங்க ரத்தத்தை மறுபடி ஓட்டலியா?"

"சாம்பிள் தீந்துபோச்சுன்னு மச்சினிச்சி சொன்னா. மூணு தடவையும்."

கத்தரி எழுந்து சமையலறைக்குப் போனார். நான் பின்னால் போனேன். மேடைமேல் இரண்டு உப்பு ஜாடிகள். ஒன்றில் ஒன்றும் எழுதவில்லை. இன்னொன்றில் வெள்ளைத் தாள் ஒட்டி, அச்சடித்தது போன்ற கையெழுத்தில் 'அக்காவுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, திறந்த தேதி.

"உப்பு ஜாடிக்குத் தேதியா? நாளைக்கு மிளகுக்கு ஜாதகம் எழுதுவாங்களோ?" என்றேன்.

"நாக்குல வச்சுப் பாரு."

"ஏன், நான் என்ன எலியா?"

"எலின்னா யோசிச்சிருப்பேன். வை."

வைத்தேன். உப்புதான். ஆனால் பின்னாலேயே ஒரு லேசான கசப்பு வந்து நின்றது. மெக்கானிக் வாசலில் நின்றபடி சொன்னான்: "அது பி.பி.காரங்க உப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். மச்சினிச்சிதான் மாசாமாசம் கொண்டுவந்து தர்றா. சாதா உப்பு ஒரு கல்லுகூட இவ வாயில படக் கூடாதுன்னு கண்டிஷன். சொந்தத் தங்கச்சிங்கறதால இவ்வளவு பாக்கறா. எனக்கே அவ்வளவு பொறுமை கிடையாது."

கத்தரி ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்துக்கொண்டார். பிறகு அவனிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணுங்க. வண்டியை லேபுக்கே வரச் சொல்லிடுங்க. அதுக்கு முன்னாடி இவங்க ரத்தத்தை ஒரு தடவை ஓட்டுவோம். மெஷின் கெடலன்னு இவங்களே கண்ணால பாத்துட்டா, அடம் புடிக்காம வண்டில ஏறுவாங்க."

"நல்ல யோசனை மேடம்! புது எலக்ட்ரோடு போட்டிருக்கேன், கெடவே கெடாது." அவன் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தான். மணிக்கட்டில் துண்டு பதிந்த தடம் வளையல் மாதிரி சிவப்பாக இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வாசலில் அவள் காலுக்கு மறுபடியும் இரண்டு இடது கால் செருப்பை எடுத்துப் போட்டவன் அவன்தான் என்பதையும் நான் கவனித்தேன். ஜோடி பார்த்து எடுத்துக் கொடுக்கிற பொறுமைகூட அவனுக்கு இல்லாமல் போய்விட்டது.

காரில் போகும்போது கத்தரி யாரோ ஒரு டாக்டருக்குப் போன் செய்து, பருவைப் பற்றியும் நாக்கைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டு, பதிலைப் பாதியில் வெட்டி, வைத்துவிட்டார்.

லேப் தரைத்தளத்தில் இரண்டே அறை. முன்னறையில் ரத்தம் எடுக்கிற நாற்காலி, உள்ளறையில் மெஷின். குளிர்சாதனப் பெட்டியைப் படுக்கப் போட்டதுபோல் இருந்தது. மேலே ஒரு வட்டத் தட்டில் குழாய்கள் வரிசையாக நிற்க, ஒரு ஊசி இறங்கி ஒன்றில் மூக்கை நுழைப்பதும், உறிஞ்சுவதும், தண்ணீரில் வாயைக் கொப்பளிப்பதும், அடுத்ததற்குத் தாவுவதுமாக இருந்தது. ப்ளீச்சிங் வாடை. எல்லாவற்றிலும் தேதி எழுதிய வெள்ளைத் தாள்கள். மருந்துப் புட்டியில், தண்ணீர்க் கேனில், கத்தரிக்கோலில், கைகழுவும் சோப்பில். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் என் நெற்றியிலும் ஒன்றை ஒட்டிவிடுவார்கள் என்று தோன்றியது.

தங்கைக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக் கோட்டில் ஒரு மடிப்பு கலையவில்லை. அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார வைத்து, கலைந்த தலையைச் சீவிவிட்டாள். "என்னைப் படிக்க வச்சதே அக்காதான் மேடம். அம்மா போனப்போ எனக்கு எட்டு வயசு. அவ தையல் மெஷின் மிதிச்சுத்தான் நான் இந்த மெஷின் முன்னாடி நிக்கிறேன்." கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. அக்கா மட்டும் சுவரில் இல்லாத எறும்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் தங்கை தயங்கினாள். "எதுக்கு மேடம், போற நேரத்துல ஊசி குத்தி..."

"குத்தட்டும், குத்தட்டும்," என்றான் மெக்கானிக். "இவ மெஷினைப் பத்திச் சொல்றது எனக்கும் கெட்ட பேருதான்."

"ஒப்பிட்டுப் பாக்க இந்த ஈர்க்குச்சி ரத்தமும் எடுங்க," என்று கத்தரி என்னைக் காட்டினார். "ரத்தம் இருந்தா."

இருந்தது. ஊசியைப் பார்த்ததும் கண்ணை இருட்டியதால் எவ்வளவு எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. இரண்டு குழாய்கள். ஒன்றில் 'அக்கா', ஒன்றில் 'ஈர்க்குச்சி' என்று எழுதி, தேதியும் போட்டு ஒட்டி, ரத்தம் உறைவதற்காக உள்ளறைத் தாங்கியில் நிறுத்தினாள். அக்கா பாத்ரூம் போகவேண்டும் என்றதும் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

"பஞ்சு எடுத்து வச்சுக்கடா, முகம் வெளுத்துப் போச்சு," என்றார் கத்தரி. பஞ்சு தேடி மெஷினுக்குக் கீழே இருந்த இழுப்பறையை இழுத்தேன். பஞ்சு இல்லை. மூன்று சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் ஒரு டப்பாவில் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் இரண்டு வாயும் ரப்பர் மூடியால் அடைத்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு திரவம் ஆடியது.

"இது என்ன, குழந்தைங்க மாதிரி தூங்குது?"

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. "என் பழைய எலக்ட்ரோடுங்க! செத்துப்போச்சுன்னு கழட்டினது. இதெல்லாம் குப்பைக்குப் போயிருக்கணுமே?"

"மூடி எதுக்கு?"

"இந்த வகை காஞ்சா போச்சு மேடம். மறுபடி உபயோகப்படணும்னா உள்ள ஈரம் இருக்கற மாதிரி மூடி..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"செத்ததுக்கு யாராவது தண்ணி காட்டுவாங்களா?" என்றார் கத்தரி.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாற்றியவன் இவன். பழுதே இல்லாததைப் பழுது என்று சொல்லிக் கழற்றியவன் இவன். பெண்டாட்டி தொலைந்தால் தூக்கம் வரும் என்றவனும் இவன். கத்தரியின் காதருகே போய், "புருஷன்தான் மேடம், சட்டையைப் புடிக்கட்டுமா?" என்றேன்.

"உன் சட்டையையே உன்னால புடிச்சு நிறுத்த முடியல. சும்மா இரு." பிறகு அவனிடம்: "இதுல ஒண்ணை மாட்டுங்க. ஓட்டுவோம்."

அவன் மெஷினின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, முதுகைக் காட்டிக் குனிந்தான். நான் ஒரு வழியாகப் பஞ்சைக் கண்டுபிடித்துத் திரும்பியபோது கத்தரி தாங்கியின் அருகில் நின்று, கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்.

தங்கை அக்காவை முன்னறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மாட்டியிருப்பது எது என்று தெரிந்ததும் ஒரு நொடி நின்றாள். அப்புறம் தோளைக் குலுக்கினாள். "அது டெட் எலக்ட்ரோடு அத்தான். அதுல எது வந்தாலும் நம்ப முடியாது."

"முதல்ல என்ன செய்யணும்?" என்று கத்தரி அவனைக் கேட்டார்.

"முதல்ல கண்ட்ரோல் ஓட்டணும். கம்பெனி குப்பியில வர்ற சீரம். எவ்வளவு வரணும்னு முன்னாடியே தெரியும். விடை தெரிஞ்ச கணக்கைக் குடுத்துப் பையனுக்குக் கணக்கு வருதான்னு பாக்கற மாதிரி. அதுல தப்பு வந்தாத்தான் மெஷின் தப்பு."

"அந்த மூணு தடவையும் ஓட்டினீங்களா?"

"இவ ஓட்டிட்டேன், தப்பா வந்துச்சுன்னு சொன்னா. நான் நேரா எலக்ட்ரோடுக்குப் போயிட்டேன்."

கண்ட்ரோலை ஓட்டினான். ஊசி இறங்கியது, உறிஞ்சியது, கொப்பளித்தது. திரையில் எண் வந்தது. குப்பியில் என்ன போட்டிருந்ததோ அதே எண். செத்துப்போன எலக்ட்ரோடு எழுந்து உட்கார்ந்து பாடம் ஒப்பித்துவிட்டது.

"கண்ட்ரோல்ல சரியாத்தான் வரும்," என்றாள் தங்கை சட்டென்று. "பேஷண்ட் சாம்பிள்லதான் தப்பாக் காட்டும். பாருங்க, இப்ப அக்காவோடது எகிறும்."

குழாய்களைச் சுழற்றித் தெளியவைத்து, 'அக்கா' என்று எழுதிய குழாயைத் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு, எகிறப்போகிற எண்ணுக்காகக் காத்திருந்தாள். அவள் முகத்தில் கவலை ஏதும் இல்லை. சமையல் தெரிந்தவள் பால் பொங்கக் காத்திருக்கும் முகம் அது.

திரையில் 101 என்று வந்தது.

"அட, நார்மல்!" என்று மெக்கானிக் கைதட்டி, முன்னறைப் பக்கம் குரல் கொடுத்தான். "பாத்தியாடி? உன் ரத்தத்துல மெஷின் கெடல!"

தங்கை திரையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். 102. குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தில் ரத்தம் இறங்கிப்போயிருந்தது.

"என்னம்மா, அக்காவுக்கு நல்லா இருக்குன்னு வருது. சந்தோஷப்பட வேணாமா?" என்றார் கத்தரி.

"இல்ல... மாறிப்போச்சு. குழாய் மாறிப்போச்சு. இது அக்காவோட ரத்தமே இல்ல!"

"எப்படித் தெரியும்?"

எங்கள் அப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்ல, யாராவது அப்பனைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டுமே? இங்கே யாரும் கேட்கவில்லை.

"நூத்தி எழுபது வந்தப்போ மெஷின் தப்புன்னீங்க. அதுக்கு மூணு எலக்ட்ரோடு பலி. இப்ப நூத்தி ஒண்ணு வந்தா ரத்தமே தப்புங்கறீங்க. நல்ல ரிசல்ட்டைப் பாத்துப் பயந்தவங்களை நான் இப்பத்தான் பாக்கறேன்." கத்தரி கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். நகத்தில் பசை. "நீங்க சொன்னது சரிதான். நான்தான் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினேன். அது இந்த ஈர்க்குச்சியோட ரத்தம். இப்ப இவன் பேர் போட்டதை வைங்க அய்யா."

மெக்கானிக் வைத்தான். திரையில் 168 என்று வந்தது.

"மேடம், அப்ப நான் செத்துட்டேனா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே வரவில்லை.

"யாரும் சாகல. அவங்க ரத்தத்துல அவ்வளவு குளோரைடும் இல்ல. புரோமைடு இருக்கு. அந்தக் காலத்துத் தூக்க மருந்து. பாக்க உப்பு, ருசிக்கவும் ஏறக்குறைய உப்பு. இந்த எலக்ட்ரோடுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, குளோரைடுன்னு நினைச்சுக் கணக்குல கூட்டிடும். நாள்பட உள்ள போனா முகத்துல பரு, வாய்ல குழறல், சுவத்துல எறும்பு. நல்ல உப்பு சாப்பிட்டா அதைக் கழுவிட்டுப் போயிடும். அதனாலதான் நல்ல உப்பு ஒரு கல்லுகூடக் கூடாதுன்னு கண்டிஷன்." கத்தரி தாளை விரித்துச் சிட்டிகையை மேசையில் வைத்தார். "வெளி லேபுக்குப் போனா இந்த நம்பரை யாராவது கேள்வி கேப்பான். அதனால வீட்டு லேபு. பக்கத்துல நின்னு திரையைப் பாக்கற அத்தானை நம்ப வைக்கணும். அதனால எலக்ட்ரோடு. எல்லாம் சரி. ஆனா நல்ல பொருளைக் குப்பையில போட உங்க கைக்கு மனசு வரல பாருங்க. மூடி போட்டு ஈரமா வச்சீங்க. உப்பு ஜாடிக்குக்கூடத் தேதி எழுதற கை அது."

தங்கை கோட்டை நீவிவிட்டுக்கொண்டாள்.

"ஏன்?" என்றான் மெக்கானிக். "ஏன்டி? உன்னை வளத்தவ. சாகடிக்கற அளவுக்கு அவ உனக்கு என்ன செஞ்சா?"

"சாகடிக்கவா?" அவள் அவனைப் பார்த்த பார்வையில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "சாகடிக்கணும்னா ஒரே நாள்ல முடிச்சிருப்பேன் அத்தான். செத்தா நீங்க காலம் பூரா அவ போட்டோவுக்கு முன்னாடி உக்காந்து அழுவீங்க. எனக்கு அது வேணாம். நீங்க அவளை வெறுக்கணும், அவ இடத்துக்கு நான் வரணும். அதுக்கு அவ உயிரோட இருக்கணும்."

நான் எத்தனையோ பேர் வாக்குமூலம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்று கேட்டதில்லை.

"பாவி," என்றான் அவன். "என் குடும்பத்தையே..."

"நானா?" இப்போது அவள் சிரித்தாள். "நான் போட்டது உப்பு மட்டும்தான். துண்டை எடுத்துக் கட்டச் சொல்லி நானா சொன்னேன்? சனியன்னு கூப்பிடச் சொல்லி நானா சொன்னேன்? போன வாரம் அறைஞ்சீங்களே, அதுவும் என் ஜாடியில இருந்தா வந்துச்சு? நான் இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு நினைச்சிருந்தேன் அத்தான். நீங்க நாலே மாசத்துல வெறுத்துட்டீங்க."

விடை தெரிந்த கணக்கை அவனுக்கே கொடுத்துப் பார்த்தாயிற்று, தேறவில்லை.

கத்தரி போலீசுக்குப் போன் செய்தார். தங்கை அவளாகவே போய் மெஷினை நிறுத்தி, ஊசியைக் கழுவ விட்டு, தட்டைத் துடைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் இல்லை போலிருக்கிறது.

அப்போதுதான் முன்னறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன். ரத்தம் எடுக்கிற நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை.

கத்தரி டாக்டரிடம் மறுபடி பேசினார். பிறகு பக்கத்துக் கடையில் நல்ல உப்பு வாங்கிவரச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து அவள் கையில் கொடுத்தார். "குடிங்கம்மா. ஆஸ்பத்திரி போற வரைக்கும். அங்க நரம்பு வழியா ஏத்துவாங்க. கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும்."

அவள் குடித்தாள். முகத்தைச் சுளிக்காமல், நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரை.

வெளியே வண்டி வந்து நின்றது. விடுதி வண்டிக்காரர் உள்ளே தலையை நீட்டினார். "பேஷண்ட் யாருங்க?"

எங்கள் ஐந்து பேரையும் பார்த்து, ஐந்து பேரையும் சந்தேகப்பட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். விஷக் கேஸ்," என்றார் கத்தரி.

மெக்கானிக் நாற்காலியின் முன் மண்டியிட்டான். அழுதுகொண்டிருந்தான். அந்த அழுகை நிஜம்தான், எனக்கே பாவமாக இருந்தது. அவள் காலில் கிடந்த இரண்டு இடது செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தான்.

"ரெண்டு மூணு வாரத்துல சரியாயிடுமாம். கேட்டியா? நானும் கூட வர்றேன். நல்லானதும் நம்ம வீட்டுக்குப் போயிடலாம். இந்த நாலு மாசம் நடந்தது எதுவும் உனக்கு ஞாபகம் இருக்காது. இருக்காதும்மா."

அவள் டம்ளரைப் பக்கத்து மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டுத் தடத்தை மூடினாள். தடித்த நாக்கைச் சிரமப்பட்டுப் புரட்டி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"பைத்தியமாத்தாங்க இருந்தேன். செவிடா இல்ல."

பிறகு கத்தரியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெறுங்காலோடு நடந்து போய் வண்டியில் ஏறினாள்.